அரை கிரவுண்டு வீட்டின் கடைசி அலங்காரம்: ஓர் ஆய்வு

1863-ஆம் ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்வரலாற்று ஆய்வு அங்கிருந்து தொடங்கியது என்பார்கள். அதே வட்டாரத்தில், குரோம்பேட்டையிலும் நங்கநல்லூரிலும், நாற்பது வயதைத் தாண்டிய அரை கிரவுண்டு வீடுகளுக்கு விற்பனைக்கு முன் நடக்கும் அலங்காரச் சடங்கை மட்டும் அறிஞர் உலகம் கண்டுகொள்ளவில்லை. அக்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

முதலில் ஆய்வு எல்லை. அரை கிரவுண்டு என்றால் 1,200 சதுர அடி. அதில் ஒரு ஹால், இரண்டு ரூம், இருவர் நின்றால் ஒருவர் வெளியே வரவேண்டிய சமையலறை, முன்னால் கிரில் போட்ட வராந்தா, பின்னால் ஒரு கிணறு. சிமெண்டுக்குப் பர்மிட் வாங்கிக் கட்டிய தலைமுறை. அடுக்குமாடிக் குடியிருப்புகளை இங்கே சேர்க்கவில்லை. அவற்றின் துயரம் வேறு ரகம்.

ஆய்வு முறை, சுரண்டல். பெயிண்டர் பட்டி பார்க்கும் தகட்டை ஹால் சுவரில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தால் வரலாறு செதில் செதிலாக உதிர்கிறது. மேலே க்ரீம் நிற எமல்ஷன். அதன் கீழே பிஸ்தா பச்சை டிஸ்டம்பர். தொட்டால் விரலில் மாவாக ஒட்டும். அதற்கும் கீழே நீலம் கலந்த சுண்ணாம்பு. காலக்கணிப்புக்குக் கார்பன் வேண்டாம், கல்யாண ஆல்பம் போதும். பொங்கலுக்குப் பொங்கல் அடிக்கிற வழக்கம் சுண்ணாம்போடு போய்விட்டது. பிறகு வீட்டில் கல்யாணம் என்றால்தான் பெயிண்ட். ஆகவே பச்சை மூத்த பெண், க்ரீம் இளைய பையன் என்று ஐயமின்றி நிறுவலாம். பீரோவுக்குப் பின்னால் மட்டும் இன்னும் நீலச் சுண்ணாம்பு. நகர்த்த ஆள் இல்லாமல் பீரோவைச் சுற்றியே அடித்திருக்கிறார்கள்.

இனி மையக் கருதுகோள். தரகர் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறார். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுகிறார்: "சார், தப்பா நினைக்காதீங்க. பில்டிங்குக்கு வேல்யூ கிடையாது. லேண்ட் ரேட்தான்." வந்தவரும் தலையாட்டுகிறார். ஹாலுக்குள் நுழைந்ததும் அதே ஆள் அண்ணாந்து பார்த்து, "சீலிங்ல ஓதம் இருக்கே, ரெண்டு லட்சம் குறைச்சுக்கலாமா?" என்கிறார். பூஜ்யத்திலிருந்து ரெண்டு லட்சம் கழிக்கும் இந்தக் கணக்கு எந்தப் பள்ளியில் சொல்லித்தரப்படுகிறது என்பது தனி ஆய்வுக்குரியது. இதிலிருந்து நாம் பெறும் விதி: கட்டடத்துக்கு விலை இல்லை, கட்டடத்தின் குறைக்கு விலை உண்டு. விற்பவர் செலவழிப்பது கூட்டலுக்கு அல்ல, கழித்தலைத் தடுக்க. இதை அறியாமல் மாடுலர் கிச்சன் போட்டவர்கள், பத்திரம் முடிந்த கையோடு வாசலில் ஜே.சி.பி. நிற்பதைப் பார்த்து மனம் விட்டுப்போகிறார்கள். வருமான வரிக் கணக்கும் இவர்களுக்கு ஆறுதல் தராது: கூட ஓர் அறை கட்டினால் மேம்பாட்டுச் செலவு என்று காட்டலாம், பெயிண்ட் அடித்ததைக் காட்ட முடியாது.

டாய்லெட்டை வெஸ்டர்னாக மாற்றுவதில் விவாதிக்க ஒன்றுமில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும்.

தரை விஷயத்தில் இக்கட்டுரையாளர் நடுநிலை வகிக்க மறுக்கிறார். பல வருடம் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்கு வந்த ரெட் ஆக்சைடு தரைமீது வெள்ளை டைல்ஸ் ஒட்டுவது அக்கிரமம். அழகு ஒருபுறம் இருக்கட்டும். பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே ஒட்டினால் மட்டம் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் ஏறிவிடும். மறுநாள் எந்த ரூம் கதவும் திறக்காது. ஆசாரி வந்து ஒவ்வொரு கதவையும் கழற்றித் திண்ணையில் சாய்த்து அடியை இழைப்பார். கமகமவென்று தேக்குச் சுருள் வீடெங்கும் பறக்கும். வீட்டை இடிக்கும்போது பழைய சாமான் கடைக்காரர் நல்ல விலை கொடுப்பது அந்தத் தேக்குக் கதவுக்குத்தான். அதையும் குட்டையாக்கி வைத்திருப்போம்.

ஓதம் தனி இயல். செங்கல் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். ஈரம் காயும் இடத்தில் உப்புப் பூக்கும். உப்பு பெயிண்டைத் தள்ளும். மொட்டைமாடித் தட்டோடுகளின் இணைப்பில் விரிசல் விட்டால் மேலிருந்தும் இறங்கும். உண்மையான வைத்தியம், ஓட்டைப் பெயர்த்துப் புதிதாகப் பதிப்பது. நடைமுறை வைத்தியம், பஞ்சாங்கம். ஆடியில் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். ஐப்பசியில் மழை எல்லாவற்றையும் சொல்லிவிடும். எனவே பங்குனியில் பூசி, ஆனிக்குள் கைமாற்றிவிட வேண்டும். கத்தரி வெயிலில் வீடு பார்க்க வருகிறவருக்கு மோர் கொடுத்து விற்பவர் இவ்வளவு குளிர்ந்து பேசுவது அதனால்தான். விவரமான ஆள் மோரைக் குடித்துவிட்டு, "தீபாவளி கழிச்சு ஒரு நடை வந்து பார்க்கறேனே" என்பார்.

கட்டடத்துக்கு மதிப்பு உண்டு என்று மனமார நம்பும் ஓர் இடம் எஞ்சியிருக்கிறது: சார்பதிவாளர் அலுவலகம். அங்கே மனைக்கு வழிகாட்டி மதிப்பு, கட்டடத்துக்குத் தனி மதிப்பு. இரண்டையும் கூட்டி முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கட்டடம் பழசானால் வயதுக்கேற்பத் தேய்மானம் கழியும். பத்திரம் எழுதுபவர் நிமிர்ந்து, "பில்டிங் எத்தனை வருஷம்?" என்று கேட்கிறார். "புதுசு மாதிரி இருக்கு பாருங்க" என்றே இதுவரை பேசி வந்தவரும், "இடிக்கத்தானே போறோம்" என்று பதில் சொல்லி வந்தவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

"நாப்பத்தஞ்சு இருக்கும்" என்கிறார் வாங்குபவர்.

"தாராளமா போட்டுக்குங்க" என்கிறார் விற்பவர். "நாங்களே பயந்துகிட்டுத்தான் குடியிருந்தோம்."