மணமேடையில் பழுப்பு மலர்: ஒரு முன்னோடி ஆய்வு

இவ்வாய்வின் எல்லை சிறியது. முகூர்த்தத்துக்கு முதல்நாள் மாலை, ரிசப்ஷன் மேடையின் பின்சுவரில் மணமகளின் விருப்பப்படி செருகப்படும் பழுப்புநிறப் பூக்களை மட்டுமே இது எடுத்துக்கொள்கிறது. மறுநாள் காலை மணவறையில் பழுப்புக்கு இடமே இல்லை என்பது விவாதத்துக்கு அப்பாற்பட்டது. அதை விவாதிக்கப் போகும் டெக்கரேட்டர், மீதிப் பணத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சிக்கல் மணமகளின் செல்போனில் தொடங்குகிறது. அதில் காப்பிப்பொடி நிறத்தில் ரோஜா, பிஸ்கட் கலரில் டாலியா, நடுநடுவே நரைத்த குதிரைவால் போலப் பாம்பாஸ் புல். "எனக்கு இதே மாதிரி வேணும்" என்கிறாள். "பண்ணிடலாம் மேடம்" என்கிறார் டெக்கரேட்டர். அத்தொழிலில் வணக்கத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் வாக்கியம் அது.

முதலில் இயற்பியலைப் பார்த்துவிடுவோம். வானவில்லில் பழுப்பு கிடையாது. ஆரஞ்சு மங்கலாக இருந்து, சுற்றிலும் அதைவிட வெளிச்சமாக ஏதாவது இருந்தால், கண் அதைப் பழுப்பு என்று முடிவுகட்டுகிறது. இருட்டறையில் தன்னந்தனியாக எரியும் பழுப்பு விளக்கு என்று ஒன்றைச் செய்யவே முடியாது. செய்தால் அது மங்கலான ஆரஞ்சு விளக்காகத்தான் எரியும். "ஸ்டேஜுக்குப் பின்னாடி பிரவுன் லைட் போட்டுடுங்க" என்று கேட்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு நியூட்டனே வந்தாலும் ஒயர் இழுத்துத் தர இயலாது. ஆக, பழுப்பு என்பது அக்கம்பக்கத்தின் தயவில் வாழும் நிறம். இந்த ஆய்வு முழுவதும் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

அடுத்து தாவரவியல். பூவிதழின் பழுப்பு பெரும்பாலும் ஒரே நிறமியால் வருவதில்லை. சிவப்பும் ஊதாவும் தரும் ஆந்தோசயனின், மஞ்சளும் ஆரஞ்சும் தரும் கரோட்டினாய்டு, சில நேரம் கொஞ்சம் பச்சையம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கண்ணுக்குப் பழுப்பாகின்றன. வாடிய பூவின் பழுப்பு வேறு சாதி. அங்கே செல்கள் சிதைந்து, உள்ளிருக்கும் பீனால் சேர்மங்கள் நொதியின் வேலையால் காற்றோடு வினைபுரிந்து கறுக்கின்றன. வாழைப்பூவை ஆய்ந்ததும் மோரில் போடாவிட்டால் நடப்பது இதுதான்; மோரின் புளிப்பு அந்த நொதியை மட்டுப்படுத்துகிறது. இரண்டு பழுப்பும் பிறப்பால் வேறு, பார்வைக்குப் பங்காளிகள்.

இந்த வேறுபாட்டைக் கண்டறியக் களத்தில் பயன்படும் கருவிக்குப் பெரியம்மா என்று பெயர். மாலை நான்கு மணிக்கு, பூச்செருகும் ஒயாசிஸ் கட்டிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் மண்டபத்துக்கு வந்துவிடுகிறார். வெளியிதழ் ஒன்றை நகத்தால் கிள்ளுகிறார்.

"என்ன தம்பி, முந்தாநாள் பூவா?"

"இல்லீங்கம்மா, கலரே இதான். டாஃபி ரோஸ். சாதா ரோஸவிட ரேட்டு ஜாஸ்தி."

"நல்லா இருக்கே! வாடுன பூவுக்கு ரேட்டு ஜாஸ்தியா?"

"பெரியம்மா, நான்தான் கேட்டேன்."

"நீ சும்மா இருடி. உனக்கு என்ன தெரியும்?"

இந்த உரையாடலின்போது பெரியம்மா உடுத்தியிருந்தது அரக்குப் பட்டு, கையில் இருந்தது டிகிரி காப்பி, சற்றுமுன் சாப்பிட்டது அதிரசம் என்பதை ஆய்வாளர் பதிவு செய்கிறார், கருத்துக் கூறவில்லை.

மேலைநாட்டுச் சான்றுகளை அவர்முன் வைக்கலாம். 'கஃபே ஓ லே' டாலியா 1967 முதல் புழக்கத்தில் இருக்கிறது. செம்பும் பழுப்பும் கலந்த 'ஜூலியாஸ் ரோஸ்' 1976இல் இங்கிலாந்தில் வந்தது. ஜூலியா கிளெமென்ட்ஸ் என்ற புகழ்பெற்ற மலர் அலங்காரக் கலைஞரின் பெயர் அதற்கு. மெக்சிகோவின் சாக்லேட் காஸ்மாஸ் கருஞ்சிவப்பும் பழுப்புமாக இருப்பது மட்டுமின்றி, சாக்லேட் வாசமும் அடிக்கும். பெரியம்மா கேட்பது ஒன்றுதான்: "அதைத் தலையில வைக்கலாமா?"

கேள்வி நியாயமானது. நம்மிடமும் பழுப்புப் பூ இல்லாமல் இல்லை. மகிழம்பூ காய்ந்து பழுப்பானாலும் வாசம் விடுவதில்லை. தாழம்பூ மடல் உலர்ந்து பட்டுப்புடவைப் பெட்டியில் கிடக்கும். அதை யாரும் தூக்கி எறிவதில்லை. வெட்டிவேர் மாலை முழுக்க முழுக்கப் பழுப்பு. அதைச் சாமிக்கும் போடுகிறோம், அமைச்சருக்கும் போடுகிறோம். மூக்கு சாட்சி சொன்னால் கண் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறது. பெட்டியில் அடைத்து வரும் வெட்டு ரோஜாக்களின் கஷ்டம் இங்கேதான். நாள்பட நிற்கவேண்டும் என்றே வளர்த்தெடுத்த ரகங்கள் பலவற்றில் மணம் போய்விட்டது. சாட்சிக்கூண்டில் ஏற ஆளில்லை. பன்னீர் தெளித்துச் சமாளிக்கும் டெக்கரேட்டர்களும் உண்டு, அது பொய்ச்சாட்சி.

ஆகவே பழுப்புப் பூவைத் தேர்ந்தெடுப்பது என்றால், அதன் உயிருக்கு யார் சாட்சி என்பதைத் தேர்ந்தெடுப்பது. விளிம்புதான் முதல் சாட்சி. வாடுகிற ரோஜா ஓரத்திலிருந்து கருகிச் சுருளும். பிறவிப் பழுப்பில் ஓரம் விறைப்பாக நிற்கும், நிறம் இதழ் முழுவதும் சீராக ஓடும். வாங்கும்போது வெளியிதழைத் தள்ளி உள்ளிதழைப் பார்த்தால் போதும். பூவுக்குக் கீழே இரண்டு பச்சை இலையை விட்டுவைக்கவேண்டும். மேடை வேலையில் இலையை உருவி எறிவது வழக்கம். பழுப்புப் பூ விஷயத்தில் அது தற்கொலை. பச்சை இலையோடு நிற்கும் பூவைச் செத்தது என்று சொல்லப் பெரியம்மாவுக்கே கொஞ்சம் தயக்கம் வரும்.

பக்கத்தில் எதை வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். துலுக்கச் சாமந்தி கூடவே கூடாது. முன்னே சொன்ன இயற்பியல் அங்கே முழு வீச்சில் வேலை செய்து, பளிச்சென்ற ஆரஞ்சுக்கு நடுவில் டாஃபி ரோஸ் நேற்றைய சாமந்தியாகிவிடும். மல்லிகையின் தூய வெள்ளையும் ஆபத்து. பக்கத்தில் இருப்பது அழுக்காகத் தெரியும். சந்தன நிறம், தந்த நிறம், மங்கலான ரோஸ், கருஞ்சிவப்பு ஆகியவை பழுப்பைக் கௌரவமாக நடத்துகின்றன. பித்தளைக் குத்துவிளக்கு இவை எல்லாவற்றையும்விட நல்ல அண்டைவீடு. விளக்கு மஞ்சள் சாய்ந்த எல்இடியாக இருக்கட்டும். நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சத்தில் பழுப்பு சாம்பலாகும், அப்புறம் கல்யாண ஆல்பம் முழுக்க மணமக்களுக்குப் பின்னால் சாம்பல்தான்.

பாம்பாஸ் புல்லைப் பற்றி இந்த ஆய்வு அதிகம் பேசாது. அது ஏற்கெனவே காய்ந்தது, காய்ந்தது என்று ஒப்புக்கொண்டும் நிற்கிறது; அதோடு யாரும் சண்டைக்குப் போக முடியாது. பஞ்சு உதிர்ந்து மாப்பிள்ளையின் கோட்டில் ஒட்டும் என்பது தவிர வேறு குற்றம் இல்லை.

பொருளாதாரத்தில் ஒரு கூறு மட்டும் மேலாய்வுக்குரியது. ரிசப்ஷன் முடிந்ததும் உறவுக்காரர்கள் மேடைப் பூக்களை உருவிக்கொண்டு போவார்கள். சிவப்பு, ரோஸ், வெள்ளை எல்லாம் பத்து நிமிடத்தில் காலி. பழுப்பை யாரும் தொடுவதில்லை. அது முழுதாக மிஞ்சி, வாளித் தண்ணீரில் இறங்கி, வேனில் ஏறி, மறுநாள் மாலை வேறொரு மண்டபத்தில் முழு ரேட்டுக்குச் செருகப்பட வாய்ப்பிருக்கிறது. அங்கேயும் ஒரு பெரியம்மா இருப்பார், அங்கேயும் கிள்ளிப் பார்ப்பார். டெக்கரேட்டர் அன்றைக்கும் "கலரே இதான்மா" என்பார். இந்த முறை பெரியம்மா சொல்வதுதான் சரி.