பாத்தித் தண்ணியில மீன் விடாதே

குந்துடா பேராண்டி. வரப்பை நாலு முழம் வெட்டி உள்ள இழுத்துக்கிட்ட உன் பெரியப்பன் மேல 'கொரில்லாப் போர்' நடத்தப் போறேன்னு டீக்கடையில சொன்னியாமே? ஊருக்கே சொல்லிட்டுச் செஞ்சா அது கொரில்லாப் போர் இல்லடா, காதுகுத்துக் கல்யாணம்.

அது குரங்கு இல்லைன்னாவது தெரியுமா? ஸ்பெயின்காரன் பாஷையில 'சின்னச் சண்டை'ன்னு அர்த்தம். 1808ல நெப்போலியன் பட்டாளம் அங்க போயி மாட்டிக்கிட்டு முழிச்சப்பதான் உலகமெல்லாம் பரவின வார்த்தை. நம்மாளுங்க கரந்தடிப் போர்னு பேர் வெச்சாங்க. வித்தை மட்டும் ரொம்பப் பழசு. ஊர் தூங்குறப்போ போயி எதிரி மாட்டை ஓட்டிக்கிட்டு வர்றதுக்கு வெட்சின்னு பூப்பேர் வெச்சுத் தொல்காப்பியம் இலக்கணமே சொல்லுது. மாடு ஓட்டுறதுக்கு இலக்கணம் எழுதின கூட்டத்துல பொறந்துட்டு, நீ பட்டப்பகல்ல வாயால சண்டை போடுற.

திண்டிவனம் போயி செஞ்சி பஸ் ஏறு. ராஜகிரியை அண்ணாந்து பாரு. சிவாஜி 1677ல பிடிச்ச கோட்டை. அவர் மகன் ராஜாராம் உள்ள உட்கார்ந்திருக்க, 1690ல ஔரங்கசீப்போட தளபதி சுல்பிகர் கான் வந்து வளைச்சாரு. எவ்வளவு நாள்? ஏழு வருஷத்துக்கும் மேல! பாறையோட சண்டை போட்டாரா, சோத்தோட சண்டை போட்டாரான்னு கேளு. 1692 கடைசியில சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் குதிரைப்படையோட வந்தாங்க. கோட்டை வாசல்ல போயி மார்தட்டல. காஞ்சிபுரத்து மொகல் அதிகாரி அலி மர்தான் கானைப் பிடிச்சு, பணத்தைக் கறந்துக்கிட்டு விட்டாங்க. தானியம் வர்ற வழியை அடைச்சாங்க. வளைச்சவனே வளைபட்டான். கூடாரத்துல பசி வந்தா புத்தி கோணும் பாரு, பாதுஷா மகன் காம்பக்ஷே ராஜாராமோட ரகசியம் பேசினான்னு சொல்லி, சொந்தத் தளபதியே அவனைக் காவல்ல வெச்சாரு. 1693 தொடக்கத்துல சுல்பிகர் கான் வந்தவாசிக்கு வண்டி கட்டிட்டாரு.

அப்புறம் திரும்பி வந்து 1698ல கோட்டையைப் பிடிச்சாரு, வாஸ்தவம். கூடு கிடைச்சுது, குருவி பூட்டுது. ராஜாராம் அதுக்கு முன்னாடியே நழுவியாச்சு. (சுல்பிகர் கானே கண்ணை மூடிக்கிட்டாருன்னு ஒரு பேச்சு உண்டு. சம்பளம் ஓடுறவரைக்கும் சண்டை ஓடட்டும்னு நினைக்கிற ஆள் எந்தக் காலத்துலதான் இல்ல?) சந்தாஜியை மொகலன் சாய்க்கல. தனாஜியோட பகை முத்தி, சொந்தக் கூட்டத்தாலதான் அழிஞ்சாரு. பங்காளிச் சண்டைடா. காது கேக்குதா?

பிரஷ்யாக்காரர் கிளாஸ்விட்ஸ் இந்த மறைஞ்சு அடிக்கிற சண்டையைப் பத்தித் தன் புஸ்தகத்துலயே எழுதிட்டாரு, அது அவர் செத்தப்புறம் 1832ல வெளிவந்துச்சு. மார்கழிப் பனி மாதிரி எங்கும் இருக்கணும், ஒரே இடத்துல கட்டியா உறைஞ்சா எதிரி உடைச்சிடுவான்னு சொல்லுறாரு. 1937ல மாவோ, மக்கள் தண்ணி, போராளி மீன்னாரு. நல்லாத்தான் இருக்கு. ஆனா சுல்பிகர் கான் குதிரைக்கும் சந்தாஜி குதிரைக்கும் கொள்ளு எங்கேருந்து வந்துச்சு? இந்தப் பக்கத்துக் களத்துலேருந்துதான். மீனுக்குத் தண்ணி வேணும்னவங்க, தண்ணியை ஒரு வார்த்தை கேட்டாங்களா?

சரி, உன் தண்ணிக்கு வருவோம். டீக்கடையில பாக்கி. மோட்டார் ஷெட்டுக்காரனோட வாய்த்தகராறு. மாமன் வூட்டுக்குப் போயி வருஷம் ரெண்டு ஆவுது. மரக்காணத்துல உப்புப் பாத்தி பாத்திருக்கியே, வெயில் ஏற ஏறத் தண்ணி சுண்டிக் கசந்துபோவும். அதுல எந்த மீன் நிக்கும்? நீ ஊரையே அப்படிக் காய்ச்சி வெச்சிருக்கடா.

எழுந்திரு. முதல்ல டீக்கடைப் பாக்கியைக் கட்டு. வர்ற வழியில பெரியம்மாவுக்கு முட்டிவலி எப்படின்னு விசாரி. செவ்வாக்கிழமை சர்வேயர் சங்கிலியோட வர்றாரு. மனு நான் போட்டு மூணு மாசம் ஆவுது. உன் பெரியப்பனுக்குத் தெரியாது, இன்னியவரைக்கும் உனக்கும் தெரியாது. எங்கடா ஓடுற? டீக்கடைக்கா? வாயை மூடிக்கிட்டுப் போ.