நூறு அடியின் பெருமை

சட்டத்தைத் திட்ட நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பாராட்டத்தான் யாரும் முன்வருவதில்லை. கட்டடங்களைப் பொதுச் சாக்கடையோடு இணைப்பதற்கான நகராட்சி விதிகளுக்கு அந்தக் குறை இருக்கக் கூடாது என்பதால் நானே முன்வருகிறேன். ஜவளகிரியில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலையைச் செய்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஓசூர் பக்கம், தளி ஒன்றியத்தைச் சேர்ந்த கிராம ஊராட்சி இது. பாதாளச் சாக்கடையின் வாடையே அறியாத ஊர். அதனால் விருப்பு வெறுப்பில்லாமல் பேசலாம்.

1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தைப் படித்தவர்கள் அதன் கறாரை மறக்க மாட்டார்கள். வீட்டிலிருந்து நூறு அடிக்குள் பொதுச் சாக்கடை இருந்தால், சொந்தச் செலவில் குழாய் பதித்து இணைக்கும்படி வீட்டுக்காரருக்கு உத்தரவு போடலாம் என்றது அது. மகளுக்குக் கல்யாணம், ராகி விளையவில்லை, கம்பெனியில் ஆள்குறைப்பு என்றெல்லாம் அவர் சாக்குச் சொல்ல முடியாது. இதே சட்டம் நகராட்சியைப் பார்த்தும் ஒரு கடமை சொன்னது: போதுமான பொதுச் சாக்கடை அமைக்க வேண்டும், கையிலிருக்கும் நிதி இடம்கொடுக்கும் அளவுக்கு. அந்தக் கடைசிச் சொற்றொடரை எழுதியவருக்கு ஓசூர் பேருந்து நிலையத்தின் எதிரே சிலை வைக்கலாம். ஒரே சட்டம், ஒரே சாக்கடை. வீட்டுக்காரருக்குக் கெடு, நகராட்சிக்குக் கருணை. சமநீதி என்று மனுநீதிச் சோழனைச் சொல்லிக்கொண்டிருந்தோம், அவனுக்கு இவ்வளவு நுணுக்கம் தெரிந்திருக்காது.

இந்த நூறு அடி நம் மண்ணில் விளைந்ததல்ல. இங்கிலாந்தின் 1848 பொதுச் சுகாதாரச் சட்டத்திலும் 1875 சட்டத்திலும் அதே நூறு அடி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்தது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு பதினெட்டே நாளில் சட்டம் நிறைவேற்றினார்கள். பாசல்ஜெட் என்ற பொறியாளர் லண்டனுக்கு அடியில் சாக்கடைகளைக் கட்டினார். பாவம், அவசரக்காரர்கள். நம் முன்னோர் நிதானமானவர்கள். அங்கிருந்து நூறு அடியை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு வந்தார்கள். போதாக்குறைக்கு நம் சட்டமன்றம் கூடும் கோட்டையையும் ஓசூருக்கு முந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடற்காற்று வீசும் இடத்தில் வைத்திருக்கிறோம். திரைச்சீலைச் செலவு மிச்சம்.

சட்டம் பழசாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென்று 1998-இல் புதுச் சட்டம் இயற்றினார்கள். களைத்துப் போயிருக்கும் என்று அதை நிறுத்திவைத்து, 2023 ஏப்ரலில் விதிகளோடு எழுப்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் ஓசூர் சும்மா இருக்கவில்லை. சிப்காட்டைச் சுற்றி வளர்ந்து, 2019-இல் மாநகராட்சியானது. வாகனம் செய்தது, கைக்கடிகாரம் செய்தது, ரோஜாவை விமானத்தில் அனுப்பியது. அவ்வளவு வேலைக்கு நடுவிலும் நகரத்தின் பெரும்பகுதி தன் வீட்டுக் கழிவைச் செப்டிக் டேங்கிடமே ஒப்படைத்தது. நூறு அடிக்குள் சாக்கடை இல்லாத வீட்டுக்காரர் எந்தக் குற்றமும் செய்யாதவர். ஊரில் இத்தனை ஆயிரம் பேரை ஒரே வீச்சில் சட்டத்தை மதிப்பவர்களாக்கிய ஆட்சி வேறெங்கே உண்டு?

செப்டிக் டேங்க் என்பதையும் பேச்சுக்குத்தான் சொல்கிறோம். எங்கள் பக்கம் பெரும்பாலும் அது அடிப்பாகம் பூசாத குழி. நாலைந்து சிமெண்ட் உறையை இறக்கி, மேலே கருங்கல் பலகையைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. இந்திய தர நிர்ணயத்தார் இதற்கும் அளவு எழுதி வைத்திருக்கிறார்கள்: கழிவு உறிஞ்சும் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அதாவது சுமார் 59 அடி. ஓசூர் வட்டாரத்தில் சைட் என்றால் 30-க்கு 40 அடி மனை. ஒரு மூலையில் போர்வெல் போட்டு, நேர் எதிர் மூலையில் குழி தோண்டினாலும் இரண்டுக்கும் இடையே 50 அடிதான் வரும். பள்ளிக்கூடக் கணக்கு, யாரும் போட்டுப் பார்க்கலாம். மீதி ஒன்பது அடிக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் சைட்டுக்குள் போக வேண்டும். அங்கே அவருடைய போர்வெல் இருக்கிறது. நிலத்தடி நீரையும் கழிவையும் இப்படி அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்ளும் ஒற்றுமையை வேறு எந்த விதியாலும் உண்டாக்கியிருக்க முடியாது.

குழி நிரம்பினால் லாரி வரும். போனில் பேச்சு சுருக்கமாக முடிந்துவிடும்.

“அண்ணா, ரெண்டு லோடு வரும். கல்லை மட்டும் தூக்கி வெச்சிடுங்க, ராத்திரி வந்துடறேன்.”

“எங்கப்பா கொண்டு போய் விடுவே?”

“அதெல்லாம் பார்த்துக்கலாம்ணா.”

இந்த ‘அதெல்லாம்’ இருக்கும் திசையைத்தான் புதிய விதிகள் குறிவைத்திருக்கின்றன. லாரிக்கு உரிமம் வேண்டும். கட்டணம் 2,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குச் செல்லும். மீறினால் முதல் தடவை 25,000, அடுத்த தடவை 50,000 அபராதம். ஏற்றியதைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும். பக்கத்தில் நிலையம் இல்லாத ஊரில் டீசலை யார் போடுவது என்று கேட்பவர்கள் சின்னப் புத்திக்காரர்கள். விதி அவ்வளவு கீழே இறங்கிப் பார்க்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓடையோரம் விளக்கை அணைத்துவிட்டு ஒரு லாரி நின்றால், டிரைவர் இயற்கையை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வதே மரியாதை. எங்கள் காட்டுப் பக்கம் அதற்குக்கூட வழியில்லை. குளிர்காலத்தில் பன்னார்கட்டாவிலிருந்து இறங்கும் யானைகள் ராகிக் கொல்லைக்குப் போகும் அவசரத்தில் உரிமத்தைப் பார்க்காது.

அண்டை மாநிலத்தைப் பாராட்டாமல் விட்டால் எல்லைக்காரன் என்று சொல்லிக்கொள்ளவே லாயக்கில்லை. காவிரித் தண்ணீருக்கு நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம், ஆணையம் என்று எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது. தென்பெண்ணையில் வரும் கழிவுக்கு அந்த வம்பே இல்லை. பெங்களூரின் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகக் கேட்காமலே புறப்பட்டு, கொடியாளத்தில் மாநிலத்துக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. மழைக்காலத்தில் மதகு திறந்தால் ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை பொங்கித் தரைப்பாலத்தையே மூடும். காற்றடித்தால் கொத்துக் கொத்தாகப் பறந்து வயலில் விழும். பைக்கில் வருபவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போவார். பெல்லந்தூரில் 2015-இல் இந்த நுரை தீப்பிடித்தே எரிந்தது. நமக்கு அனுப்பும்போது அணைத்து அனுப்புகிறார்களே, அந்தப் பண்புக்கு நன்றி சொல்ல வேண்டாமா? கெலவரப்பள்ளியின் முழு உயரம் 44.28 அடி. அதில் தண்ணீர் எவ்வளவு, பெங்களூர் எவ்வளவு என்று பிரித்துக் கேட்பது விருந்தாளியிடம் கேட்கும் கேள்வியல்ல.

வளர்ச்சி இப்போது எங்கள் சாலைக்கும் வந்துகொண்டிருக்கிறது. தளி ரோட்டிலும் ஓசூரைச் சுற்றியும் கல் நட்டு, கொடி கட்டி, பேனர் வைத்து சைட் போடுகிறார்கள். ‘டிடிசிபி அப்ரூவல், தார் ரோடு, அண்டர்கிரவுண்ட் டிரைனேஜ்’ என்று மூன்றையும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மூன்றாவதைப் போய்ப் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே குழாய் பதித்திருந்தார்கள். ஆறு அங்குலம், மூடியெல்லாம் வட்டமாக, மட்டம் பிசகாமல். எல்லா சைட்டிலிருந்தும் கிளை வந்து பெரிய குழாயில் சேர்கிறது. நூறு அடி என்ன, பத்து அடிக்குள்ளேயே சாக்கடை. பெரிய குழாய் காம்பவுண்ட் சுவர் வரை போய், சுவரில் ஓட்டை போட்டு, அந்தப் பக்கம் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கே சேரும் என்று கேட்டேன். சைட் காட்ட வந்த தம்பி, “இணைப்பு உங்க வீட்டு வாசல்லயே குடுத்திருக்கோம் சார், அதுக்கு மேல கார்ப்பரேஷன் வந்தா பார்த்துக்குவாங்க” என்றார். பள்ளத்துக்குக் கீழே ஒருவர் கொத்தமல்லி போட்டிருந்தார். நல்ல செழிப்பு.