திங்கட்கிழமை கடை லீவு

டாக்டரைக் கல்யாண வீட்டில் பார்த்தால் நாக்கை நீட்டுவார்கள். வக்கீலைப் பார்த்தால் பட்டாவை நீட்டுவார்கள். பச்சை குத்துகிறவனிடம் எதையெல்லாம் நீட்டுவார்கள் என்று இங்கே முழுதாக எழுத முடியாது. வீட்டில் எல்லோரும் படிக்கிற பத்திரிகை. முழங்கை, கெண்டைக்கால் வரை சொல்லலாம். மிச்சத்தை மண்டபத்து மாடிப்படிக்கு அடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

மதுரையில் டாட்டூ கடை வைத்திருக்கிறேன். கடைக்கு ஷட்டர் உண்டு, திங்கட்கிழமை விடுமுறை என்று போர்டும் உண்டு. ஆனால் என் இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை மை இருக்கிறதே, அதற்கு ஷட்டர் போட முடியாது. முழுக்கைச் சட்டை போட்டுப் பார்த்தேன். மே மாதத்து மதுரையில் முழுக்கைச் சட்டை போட்டவனை இன்னும் உற்றுப் பார்க்கிறார்கள்.

டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கண்டக்டர் என் கையைப் பார்த்தார். "தொழிலே இதுதானா சார்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். புஜத்தில் அம்பு பாய்ந்த இதயம், நடுவில் 'மீ'. வீட்டுக்காரம்மா பெயரோ 'க'வில் ஆரம்பிக்கிறதாம். மாற்ற முடியுமா என்றார். 'மீ'யைக் 'க' ஆக்க பிரம்மனாலும் ஆகாது. மறைக்கலாம், ஆனால் பழசைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, அடர்த்தியாகப் போட்டால்தான் மறையும். லேசரில் எடுக்கலாம், அது ஒரு நாளில் ஆகாது, பல தடவை போகவேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் வாரக்கணக்கில் இடைவெளி, செலவும் கையைக் கடிக்கும். "கழுகு போட்டுடலாம்" என்றேன். "திடீர்னு கழுகு எதுக்குன்னு கேப்பாளே?" என்றார். இந்தப் பஞ்சாயத்தில் நான் இறங்கவேண்டிய சிம்மக்கல்லில் அவரே புறப்பட விசில் கொடுத்து, என்னைக் கோரிப்பாளையத்தில் இறக்கிவிட்டார். அதற்குத் தனி டிக்கெட் கேட்காதது அவர் பெருந்தன்மை.

பெரியப்பா இறந்த அன்று அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே காதில், "தம்பி, அப்பா முகத்தை நெஞ்சுல குத்தணும்டா" என்று போனைக் காட்டினார். ஆதார் போட்டோ. சிரித்த முகத்தோடே வாழ்ந்த மனுஷன். அதில் ஆடு திருடிப் பிடிபட்டவர் போல இருந்தார். முகம் குத்த நிழலும் வெளிச்சமும் தெளிவாக விழுந்த படம் வேண்டும் என்பதைச் சாவு வீட்டில் எப்படி விளக்குவது? "பதினாறு முடியட்டும்ணே" என்றேன். சங்கு ஊதிக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டு, "தம்பி, கையில ஒரு வேல் போட எவ்வளவு ஆகும்?" என்றார்.

பல் டாக்டரிடம் போனேன். அங்கேயாவது ஊசி அடுத்தவர் கையில் இருக்கிறதே என்று ஒரு நிம்மதி. என் வாயைத் திறந்து வைத்துவிட்டு, சிரிஞ்சைக் கையில் பிடித்தபடி அவர் கேட்டார்: "இது குத்தும்போது ரொம்ப வலிக்குமா?"

ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் படம் வரும். உடம்பின் எந்தப் பகுதி என்றே தெரியாது. "அண்ணே, தோல் உரியுது, செத்துருவேனா?" உரியத்தான் செய்யும், நாலைந்து நாளில் மேல்தோல் உதிரத் தொடங்கும், பிறகு புதுத்தோல் வரும். சொறியாதே, வெயில் படாமல் பார்த்துக்கொள், கிணற்றில் குதிக்காதே என்று குத்திய அன்றே சொல்லி அனுப்பியிருப்பேன். அது மண்டையில் ஏறியிருக்காது. இன்னொருவன், ராணுவத்துக்கு ஆளெடுக்கும் நாள் நெருங்கியதும், கழுத்தில் குத்தியதற்கு என்ன வழி என்பான். முன்கையின் உட்புறமும் புறங்கையும்தான் அங்கே ஆகும் என்பதைக் குத்துவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம்.

என் அப்பத்தாவின் முன்கையில் கோலமும் புள்ளியுமாக ஒரு பச்சை உண்டு. விளக்குக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்து, வலி தெரியாமலிருக்கப் பாட்டும் பாடி, ஒரு குறத்தி குத்தியதாம். கூலி ஒரு படி நெல். "குத்திட்டு அவ பாட்டுக்குப் போயிட்டாடா. ராத்திரியில அவளை யாரு எழுப்புனா?" என்பாள். நியாயமான கேள்வி. என்னிடம் இருப்பதோ இயந்திரம். 1891-ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி, எடிசனின் மின்பேனாவை அடிப்படையாக வைத்து, பச்சை குத்தும் மின்சார இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இயந்திரத்தை நிறுத்தலாம்; அதைப் பிடிக்கிறவனை நிறுத்த அவர் ஒன்றும் வைக்கவில்லை.

எல்லாப் பழியும் ஊர்மேல் அல்ல. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிறார், ஊரே கோவிந்தா போடுகிறது. என் கண்ணோ கரையோரத்தில் பேட்டரி மெஷினோடு உட்கார்ந்திருப்பவர் மேல். ஒரு பையனுக்கு வேல் போட்டு முடித்தார். ஊசியைத் துண்டில் துடைத்தார். அடுத்த பையனை உட்காரவைத்தார். அதே ஊசி, அதே மைக்குப்பி. மை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போனால் போதும்; பையன் கையிலோ ரத்தம் வழிகிறது. ஹெபடைடிஸ் பி-யும் சி-யும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக இந்த ஒரு ஊசி போதும். போய்ச் சொன்னேன். என் கையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தொழில் போட்டியா தம்பி?" என்றார். திரும்பி வருவதற்குள் அழகர் இறங்கிவிட்டார். கட்டியிருந்தது பச்சைப் பட்டு என்றாள் அம்மா.

ஆகவே, என்னைக் கல்யாணத்திலோ கருமாதியிலோ பார்த்தால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். குத்திக்கொள்ள வேண்டுமானால் கடைக்கு வாருங்கள். என் கடையோ வேறு கடையோ, புது ஊசியை உங்கள் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். செவ்வாய் முதல் ஞாயிறு வரை, காலை பதினோரு மணிக்கு மேல்.