தலைமையாசிரியர்மேல் குற்றமில்லை

ஹாரி பாட்டர் கதைகளில் வரும் டம்பிள்டோர் பிள்ளைகளை ஆபத்தில் தள்ளினாராம். அபாண்டம்! வலித்துச் சாக விருப்பமில்லாதவர்கள் மூன்றாம் மாடித் தாழ்வாரப் பக்கம் போகாதீர்கள் என்று முதல் நாள் விருந்திலேயே அறிவித்த மனிதர் அவர். உள்ளே மூன்று தலை நாய். கதவோ முதலாண்டு மாணவியின் மந்திரத்துக்கே திறந்துகொள்ளும். ஒரு பள்ளி இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

ராத்திரியில் வெளியே சுற்றிய பிள்ளைகளுக்குத் தண்டனை, ராத்திரியில் காட்டுக்குப் போவது. யூனிகார்ன்களை ஏதோ ஒன்று கொன்று ரத்தம் குடித்துக்கொண்டிருந்த காடு. ஒழுக்கமும் ஆயிற்று, இயற்கைக் கல்வியும் ஆயிற்று.

ஆசிரியர் நியமனத்தில் அவர் பாகுபாடே பார்க்கவில்லை. ஒருவர் தலைப்பாகைக்குள் வில்லன் வோல்டமோர்ட். இன்னொருவர் ஓநாய் மனிதர். பௌர்ணமிக்கு மட்டும் விடுப்பு. மற்றொருவர் ஓராண்டு முழுக்க வேறொருவர் உருவத்தில் வருகைப் பதிவு குறையாமல் பாடம் நடத்தினார்.

சாவு அதிகமென்று கைவிடப்பட்ட மும்முனைப் போட்டி மறுபடி நடந்தது. போட்டியிட்ட நால்வரில் மூவர் உயிரோடு திரும்பினார்கள். 75 சதவீதத் தேர்ச்சி! முதலாண்டு முடிவில், விதியை மீறிப் பிழைத்த பிள்ளைகளுக்கு அவரே 160 புள்ளிகள் வழங்கியதையும் மறக்கலாகாது.

மந்திரக்கோலை உள்ளே வை, புத்தகத்தை மட்டும் படி என்று சொல்ல ஒரே ஒருவர்தான் வந்தார்: ஆசிரியை அம்பிரிட்ஜ். அவர் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் கீறல் விழவில்லை. வகுப்பு முடிந்து, சொந்த ரத்தத்தில் எழுதவைக்கும் பேனாவால் இம்போசிஷன் எழுதும்போதுதான் விழுந்தது. மைச் செலவும் மிச்சம்.