நாய் போன வீட்டுக்குச் சில யோசனைகள்

உங்கள் நாய் செத்ததற்குத் துக்கம் விசாரிக்க யாரும் வரமாட்டார்கள். அலுவலகத்தில் லீவும் கிடையாது. "வீட்ல ஒருத்தர் தவறிட்டார்" என்று போனில் சொல்லிச் சமாளிக்கலாம்; என்ன வயசு என்று கேட்டால் மட்டும் பன்னிரண்டு என்று உளறிவிடாதீர்கள். ஆகவே, ஞாபகார்த்தமாக எதை வைத்துக்கொண்டாலும் அது ஞாபகார்த்தம் என்று பிறத்தியாருக்குத் தெரியக்கூடாது.

முதலில் படம். பெரிதாக்கி ஃபிரேம் போடுங்கள். ஆனால் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, சந்தனப் பொட்டு வைத்து, சீரியல் பல்பும் போட்டீர்களோ, சொத்திலும் பங்கு எழுதிவிட்டீர்களா என்று பெரியம்மா கேட்பார். டிவிக்கு மேலே மாட்டிவிட்டு, "காலண்டர்ல வந்த படம் பெரியம்மா" என்று சொல்லிவிடுவது உத்தமம்.

அடுத்தது சாப்பாட்டுத் தட்டு. இதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கல்யாணத்துக்கு அத்தை வைத்த எவர்சில்வர் தட்டு அது. விளிம்பில் அத்தை பேரும் தேதியும் வெட்டியிருக்கும். அதில்தான் நாய் பிறந்ததிலிருந்து தயிர்சாதம் தின்றது. நக்கி நக்கி நடுவில் மட்டும் மெருகு போயிருக்கும். ஓரத்தில் பல் பட்ட கீறல்கள், ஒரு நசுங்கல். தேய்த்துக் கழுவி ஷெல்ஃபின் மேல்தட்டில் கவிழ்த்து வையுங்கள். அத்தை வந்தால், "நீங்க கொடுத்ததை எவ்ளோ பத்திரமா வெச்சிருக்கோம் பாருங்க" என்று எடுத்துக் காட்டலாம். அதில் அவருக்குச் சாப்பாடு போட்டுவிடாதீர்கள். அல்லது, அத்தையைப் பொறுத்து, போடுங்கள்.

முடிக்குத் தனியாக மெனக்கெட வேண்டாம். கறுப்பு பேன்ட், சோபா இடுக்கு, ஃபேன் இறக்கை என்று அடுத்த தீபாவளிவரை கிடைத்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் டப்பாவில் சேர்த்து வைத்தால் நல்லது. முடியிலிருந்தும் சாம்பலிலிருந்தும் கார்பனைப் பிரித்து, கடும் அழுத்தமும் சூடும் கொடுத்து வைரமாக்கித் தரும் கம்பெனிகள் வெளிநாட்டில் இருக்கின்றன. வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, மூணு நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பார் என்பார் பாட்டி. இந்த வைரம் உயிரோடு இருந்த காலம் பூராவும் அவர் தலையணையில்தான் படுத்துக் கிடந்தது என்று சொல்லித் தொலைக்காதீர்கள்.

உடம்பில் எதையாவது எடுத்து வைத்துக்கொள்ளும் ஆசை மட்டும் வேண்டாம். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் பூனை பாப் 1862இல் செத்தபோது, அதன் பாதத்தைப் பாடம் செய்து கடிதம் பிரிக்கும் கத்திக்குப் பிடியாக்கிக் கொடுத்தார் அவருடைய மைத்துனி. அது இன்று நியூயார்க் பொது நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. நம் வீட்டில் என்றால் மறுநாளே பால் பாக்கெட் வெட்டப் போயிருக்கும். எகிப்துக்காரர்கள் துணி சுற்றி, மருந்திட்டு அடக்கம் செய்த பூனைகளுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். 1890இல் சுமார் 19 டன் பூனை மம்மிகள் லிவர்பூலுக்குக் கப்பலேறி, அரைபட்டு, வயலுக்கு உரமாகப் போயின.

கால்தடம் வேண்டுமானால் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். கொத்தனார் பூசிவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் ஈரச் சிமெண்டில் குறுக்கே நடந்து போய், அதற்காக உங்களிடம் அடியும் வாங்கியது அல்லவா? அந்த நாலு தடம் போதும். வெயிலுக்கு வெள்ளை பெயின்ட் அடிக்க வருகிறவரிடம் அந்த இடத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். காரணம் கேட்பார். வாஸ்து என்றால் மேற்கொண்டு கேட்கமாட்டார்.

இதெல்லாம் போதாது, ஊரறிய ஏதாவது செய்தாக வேண்டும் என்பவர்களுக்கு முன்னுதாரணம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. உங்களுடையது கடித்தது கூரியர் பையனைத்தான் என்றாலும் பரவாயில்லை, எழுதும்போது பார்த்து எழுதிக்கொள்ளலாம். கல் நட இடத்துக்கு அசோசியேஷன் செயலாளரைப் பாருங்கள். லிஃப்டில் நாய் ஏறக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியவர் அவர்தான். பார்க்கிங்கை மறைக்கும் என்பார். இரண்டடிக்கு மேல் போகாது என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.