மஞ்சள் ஓடும், தேயிலை நிற்கும்

கேள்வி: பருத்தி நூலுக்கு வீட்டிலேயே சாயம் போட்டுப் பார்க்கிறேன். மஞ்சள் போட்ட நூல் வெயிலில் காய்ந்து வெளிறிவிட்டது. இனிக் குசினிப் பக்கம் வராதே என்கிறார் அம்மா. என்ன செய்யலாம்?
— வாசகி, கினிகத்தேனை

பதில்: கினிகத்தேனையில் வெயிலா! மழைக்குப் பேர்போன அந்த ஊரில் நூல் வெளிறும் அளவுக்கு வெயில் பிடித்த உங்கள் கெட்டிக்காரத்தனத்தை முதலில் பாராட்டுகிறேன்.

மஞ்சள் பளிச்சென்று பிடிக்கும், வெளிச்சம் பட்டால் ஓடிவிடும். படிகாரம் சேர்த்தாலும் அதை முழுதாகக் கட்டிவைக்க முடியாது. சுற்றிவரத் தேயிலையை வைத்துக்கொண்டு மஞ்சளை ஏன் நம்புகிறீர்கள்? தேயிலையில் உள்ள டானின் பருத்தியை நன்றாகப் பற்றும். சாயத்தில் கொதித்த நூல் பழுப்பாகும். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்தால் அதே பழுப்பு சாம்பலாகிக் கறுக்கும். இரும்பு கூடினால் நூல் இற்றுப்போகும், கவனம்.

வீட்டுச் சோதனை தோற்றால் கவலை வேண்டாம். 1856இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்க்கின் வீட்டு ஆய்வறையில் கொயினா மருந்து செய்யப் போனார். வந்தது ஊதாச் சாயம். அதையே விற்றுப் பணக்காரரானார்.

சட்டி விஷயத்தில் மட்டும் நான் அம்மாவின் கட்சி. படிகாரமும் இரும்பும் கொதித்த சட்டியில் சமைக்கக் கூடாது. பழைய சட்டி ஒன்றைச் சாயத்துக்கென்றே ஒதுக்கி, அடுப்பை வெளியே மூட்டுங்கள்.